மணல்திட்டில் அடித்த கூடாரம்

நீ எழுதிய கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. பந்தல், நாதசுரம், ஜவுளி என்று மூன்று பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் மடிப்புக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒன்று கேட்டிருக்கிறாய். மாமா ஒரு மாதமாக உன்னோடு சரியாகப் பேசுவதில்லை, இலஞ்சி என்று நம் ஊர்ப் பெயரைச் சொன்னாலே எழுந்து போய்விடுகிறார், சீர் விஷயத்தில் நம் வீட்டில் யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களா என்று. சீர் விஷயத்தில் இங்கே யாரும் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தவன் நான், வேறு ஒரு விஷயத்துக்காக. அதை மாமாவிடம் போய்க் கேட்டு அவனைச் சங்கடப்படுத்தாதே. நானே எழுதுகிறேன். எனக்குச் சுருக்கமாக எழுத வராது என்பது உனக்குத் தெரியும். பட்டறை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து படி.

உன் மாமா சங்கரன் என்னைவிட ஒன்பது வயது இளையவன். எனக்கும் உன் அம்மாவுக்கும் கல்யாணம் ஆன வருஷம்தான் பட்டாளத்தில் சேர்ந்தான். அங்கே அவனுக்குச் சாமான் கிடங்கில் வேலை. கூடாரம், பை, கம்பளி, தார்ப்பாய் எல்லாம் அவன் கையில்தான் வந்து போகும். அங்கிருந்து அவன் எழுதும் கடிதம் வந்தால் உன் அம்மா அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து படிப்பாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. நான் வயலிலிருந்து வந்து நிற்பேன். தலையைத் தூக்காமலே, "சங்கரன் இப்ப அம்பாலாவுல இருக்கானாம்" என்பாள். அம்பாலா எந்தத் திசையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். திருநெல்வேலிக்கு அந்தப்பக்கம் நான் போனதில்லை என்பதை அவள் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. அவள் சொல்லாததையும் நானே அவள் வாயில் வைத்து, அதற்காக அவள்மேலே கோபப்பட்டுக்கொண்டு திரிந்தேன்.

பட்டாளத்தை விட்டு வந்து மெட்ராஸில் அவன் தையல் பட்டறை தொடங்கினபோது உனக்குப் பத்து வயது. முதலில் தைத்த சரக்கில் ஒன்று உனக்கு வந்தது. காக்கி கான்வாஸில் ஒரு பள்ளிக்கூடப் பை. மேல்மூடியில் சிவப்பு நூலால் உன் பெயரின் முதலெழுத்து. நீ அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாய். ஊரில் யாராவது, "என்னலே, பெரியவனாகி என்னவாப் போற?" என்று கேட்டால், "எங்க மாமா மாதிரி" என்றாய். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன். ஒருநாள் அந்தப் பையின் வார் அறுந்துகிடந்தது. எலி கடித்துவிட்டது என்று சொன்னேன். நீ அழுதாய். நம் வீட்டில் அப்போது எலி இல்லை. அறுத்தது நான்தான். அன்று சாயங்காலமே தென்காசிக்குப் போய் உனக்கு ஒரு தகரப் பெட்டி வாங்கிவந்தேன், ஞாபகம் இருக்கிறதா? அதை நீ நன்றாயிருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. இது சின்ன விஷயம். இதை முதலில் எழுதுவதற்குக் காரணம், பெரியதை எழுதக் கை வரவில்லை.

எனக்கென்று ஒன்று இருந்தது. அது மலை. குற்றாலத்துக்கு மேலே எந்த ஓடை எந்த மாதத்தில் வற்றும், பன்றி எந்தச் சரிவில் இறங்கும் என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் நம் ஊரில் துப்பாக்கியை எடுப்பார்கள். பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தேன். மலைக்குப் போனால் ஒரு சாக்கு, ஒரு ஜமுக்காளம், அரிவாள், தூக்குச்சட்டி. அவ்வளவுதான் என் சாமான். அதில் எனக்குக் கர்வமும் உண்டு. மெட்ராஸ்காரன் என்னவெல்லாம் செய்தாலும் மலையில் அவன் எனக்குப் பின்னால்தான் நடக்கவேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

நீ பாளையங்கோட்டை ஹாஸ்டலில் இருந்த காலம். புரட்டாசி கடைசி, கார் அறுவடை நடந்துகொண்டிருந்தது. சங்கரன் இரண்டு டிரங்குப் பெட்டிகளோடு வந்து இறங்கினான். பட்டாசாலைக் கூடத்தில் ஒவ்வொன்றாய் எடுத்துப் பரப்பினான். மெழுகு ஏற்றிய கான்வாஸ் கூடாரம். அலுமினியக் குழாயில் சட்டம் போட்ட முதுகுப்பை, இடுப்பில் ஒரு பட்டையால் இறுக்கிக் கட்டிக்கொள்வது. கீழே விரிக்க ரப்பர் துணி. மடித்தால் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கும் ஸ்டவ். பிறகு ஒரு படுக்கைப் பை. இலவம்பஞ்சு அடைத்து மெத்தை மாதிரித் தைத்தது. ஆள் உள்ளே நுழைந்துகொண்டு கழுத்துவரை ஜிப்பை இழுத்து மூடிக்கொள்ளலாம்.

"எல்லாம் மாதிரிக்குத் தைச்சதுதான் அத்தான். மலையேறுதவங்களுக்குன்னு பெரிய ஆர்டர் ஒண்ணு வரப்போவுது. கொண்டுபோய்க் குடுக்கதுக்கு முன்ன மலையில போட்டுப் பாத்திரணும். தண்ணி எறங்குதா, தையல் பிரியுதா, தோள்ல அறுக்குதா, எல்லாம் பாக்கணும். ஒரு வேட்டைக்குப் போய்ட்டு வந்தா தெரிஞ்சிரும். இந்த மலைய ஒங்கள விட்டா யாருக்குத் தெரியும்?" என்றான். வனத்துறை பர்மிட்டையும் வாங்கிவைத்திருந்தான். அவன் உள்ளபடிதான் சொன்னான். எனக்கு அது வேலைக்காரனைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

உன் அம்மா கூடாரத்துணியைத் தடவித் தடவிப் பார்த்தாள். "எப்படிடா இப்படித் தைச்ச?" என்று தையலை விரலால் எண்ணினாள். என் சாக்கை அவள் அப்படித் தொட்டதில்லை. சாக்கை யார் தொடுவார்கள்? ஆனாலும் அப்போது எனக்கு அப்படித்தான் தோன்றியது. கடைசியாக இன்னொரு முதுகுப்பையை எடுத்து என் முன்னால் வைத்தான். "இது ஒங்களுக்கு அத்தான். அக்காகிட்ட ஒங்க தோள் அளவ எழுதி வாங்கித் தைச்சேன்." உன் அம்மா சிரித்தாள். நான் தூங்கும்போது நூல் வைத்து அளந்தாளாம். அந்தப் பையை நான் கையால் தொடவில்லை. "எனக்கு எஞ் சாக்கு போதும் மாப்ள" என்றேன். அவன் முகம் சுண்டிப்போயிற்று. அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன்னிடம் மறைக்காமல் எழுதுகிறேன்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். நான், சங்கரன், நம் வயலுக்கு அடுத்த வயல்காரர் மாடசாமி அண்ணாச்சி, மூன்றுபேர். சங்கரனும் ஒரு துப்பாக்கி கொண்டுவந்திருந்தான். அருவிக்கரையில் குளித்துவிட்டு, செண்பகாதேவி அருவியைத் தாண்டி ஏறினோம். வழியெல்லாம் அவன் நின்று நின்று ஒரு நோட்டில் எழுதினான். இடதுதோள் வார் வழுக்குகிறது, கொக்கி சத்தம் போடுகிறது என்று. எனக்கு மூச்சு வாங்கியது. அவனுக்கு வாங்கவில்லை. என்னைவிடக் கனம் அதிகமாகத்தான் சுமந்தான். அண்ணாச்சி ஒரு தடவை அந்தப் பையை வாங்கிப் போட்டுப் பார்த்து, "ஏயப்பா, முதுகுல இருக்கதே தெரியலியே" என்றார். அண்ணாச்சியும் அவன் பக்கம் போய்விட்டாரே என்று இருந்தது எனக்கு.

பத்து மணி இருக்கும். ஈத்தம்புதரிலிருந்து ஒரு இளம்பன்றி சடாரென்று எங்கள் குறுக்கே பாய்ந்தது. முன்னால் போனவன் நான். துப்பாக்கியைத் தூக்கிய வேகத்தில் தோளிலிருந்த சாக்கு சரிந்து முழங்கையில் வந்து விழுந்தது. குண்டு மரத்தில் போய்ப் பட்டது. எனக்குப் பின்னால் ஒரு வெடி கேட்டது. பன்றி நாலு எட்டு வைத்துச் சாய்ந்தது. திரும்பிப் பார்த்தேன். சங்கரன் முதுகில் அத்தனை சாமானோடு, வேர்விட்டு நிற்கிறவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான். "பாத்தீயளா அத்தான்? ரெண்டு கையும் ஓய்வா இருக்கு. பை ஒரு இம்மி அசையல!" என்றான். பன்றியை அடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பையைப் பற்றித்தான் பேசினான். அவன் என்னை இளப்பமாகப் பேசியிருந்தால்கூடச் சண்டை போட்டு ஆறியிருப்பேன். இளப்பமே இல்லாமல் ஒருவன் நம்மை ஜெயித்துவிட்டால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மத்தியானம் ஒரு ஓடை பக்கத்தில் வந்தோம். ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவே, அரித்துப்போட்ட மாதிரி வெள்ளை மணல்திட்டு. கல் இல்லை, முள் இல்லை. சங்கரனுக்குக் கண்டதும் பிடித்துப்போயிற்று. "இங்கனயே கூடாரத்த அடிச்சிருவோம் அத்தான். மெத்த மாதிரி இருக்கு" என்றான். மணல் அங்கே எப்படி வந்தது என்று அவன் யோசிக்கவில்லை. தலைக்கு மேலே, ஒரு நாவல் கிளையில் காய்ந்த புல்லும் சருகும் கொத்தாய்ச் சிக்கியிருந்தன. காற்றில் வந்து சிக்கியது இல்லை, வெள்ளத்தில் வந்து சிக்கியது. ஆள் உயரத்துக்கும் மேலே. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு வாய் திறக்கவில்லை.

அண்ணாச்சியும் பார்த்திருக்கிறார். என்னைத் தனியே ஒதுக்கி, "தம்பி, இது தண்ணி வார தடம்லா? ஐப்பசி பொறக்கப்போவுது. மேக்க ஒரு மழை விழுந்தா போதுமே. நீரு சொல்லலியா?" என்றார்.

"அவரு பட்டாளத்துல கூடாரத்துலயே கெடந்தவரு அண்ணாச்சி. அவருக்கு நாம சொல்லிக் குடுக்கணுமா? தண்ணி புகாத துணின்னுதானே சொல்லுதாரு. புகுதா இல்லையான்னு பாக்கத்தானே வந்துருக்கோம்" என்றேன்.

அவர், "ஒங்க வீட்டு விஷயம்" என்று சொல்லிவிட்டு விலகிப்போனார். சாப்பாடு முடிந்ததும் பன்றியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். இறைச்சி கெட்டுப்போவதற்குள் ஊருக்குக் கொண்டுபோகவேண்டும், காலையில் திரும்பி வருகிறேன் என்றார். நான் அன்றைக்கு என்ன நினைத்தேன் என்று பலதடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். அவன் சாகவேண்டும் என்று நினைக்கவில்லை. அது சத்தியம். அவன் சாமான் போகவேண்டும் என்று நினைத்தேன். கூடாரத்தின் நாலு முளை பிடுங்கிக்கொண்டு, மெழுகுத்துணி நனைந்து, அந்த நோட்டு கரைந்து, "ஒங்கள்ட்ட கேட்டிருக்கணும் அத்தான்" என்று ஒருதடவை, ஒரே தடவை, அவன் வாயால் சொல்லவேண்டும். அவ்வளவு சின்னதுதான் நான் ஆசைப்பட்டது.

மூன்று மணிக்குமேல் நான் பன்றித்தடம் பார்க்கிறேன் என்று சொல்லி மேலே ஏறினேன். அவன், "நான் இந்தப் படுக்கைக்குள்ள கொஞ்சம் படுத்துப் பாக்கேன். பெறகு துப்பாக்கிய எடுத்துட்டு அந்தக் கீழப் பாறைக்குப் போயி இருக்கேன்" என்றான். நான் ஒரு உயர்ந்த பாறையில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் மணல்திட்டும் கூடாரமும் கீழே தெரியும். ஒரு நாழிகை போயிருக்கும். நாங்கள் இருந்த இடத்தில் வெயில் அடித்தது. மேற்கே மலை உச்சி மட்டும் கறுத்துக்கிடந்தது. இடி கேட்டது. அப்புறம் ஓடையின் நிறம் மாறியது. தெளிந்து ஓடின தண்ணீரில் முதலில் சருகு வந்தது, பிறகு நுரை, பிறகு செம்மண். மேலே தூரத்தில், லாரி ஒன்று ஏற்றத்தில் வருவதுபோல் ஒரு உறுமல். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். மலையில் எத்தனையோ பேரை அந்தச் சத்தத்துக்கு நான் கையைப் பிடித்து இழுத்துக் கரையேற்றியிருக்கிறேன்.

அன்றைக்கு நான் எழுந்திருக்கவில்லை. மடியிலிருந்து ஒரு பீடியை எடுத்துப் பற்றவைத்தேன். அவன் இந்நேரம் கீழப் பாறைக்குப் போயிருப்பான், கூடாரம் காலியாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படுத்துப் பார்க்கிறேன் என்றும் சொன்னான், பாறைக்குப் போகிறேன் என்றும் சொன்னான். இரண்டில் எனக்குத் தோதானதை எடுத்துக்கொண்டேன். தண்ணீர் மணல்திட்டில் ஏறியது. கூடாரத்தின் அடியைத் தொட்டது. முளை ஒன்று பிடுங்கிக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டு நான் புகையை இழுத்தேன். அத்தனை வருஷம் என் நெஞ்சில் இருந்த இறுக்கம் தளர்ந்தமாதிரி இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அப்போது கூசவில்லை.

பீடி முடிகிற சமயம். சரிந்துகிடந்த கூடாரத்துணி ஒரு இடத்தில் உள்ளிருந்து புடைத்தது. முழங்கையோ முழங்காலோ முட்டுகிற மாதிரி. காற்றுக்குத் துணி அப்படிப் புடைக்காது.

நான் எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. முழங்கால் இரண்டும் தோல் உரிந்திருந்ததை மறுநாள்தான் பார்த்தேன். இடுப்பளவு தண்ணீர், ஆளைச் சுழற்றி அடித்தது. கூடாரத்தை அரிவாளால் கிழித்தேன். உள்ளே அவன் அந்தப் படுக்கைப் பைக்குள் கழுத்துவரை மூடிக் கிடந்தான். ஜிப்பில் துணி கடித்து மாட்டிக்கொண்டிருந்தது. கை இரண்டும் உள்ளே. இலவம்பஞ்சு ஆளை மிதக்கவைத்திருந்ததால்தான் மூக்கு தண்ணீருக்கு மேலே இருந்தது. பையை நீளவாக்கில் அறுத்தேன். அறுத்த வேகத்தில் அரிவாள் அவன் தோளிலும் இறங்கியது. அவன் சட்டையில்லாமல் நிற்கும்போது அந்தத் தழும்பை நீ பார்த்திருப்பாய். கையைப் பிடித்து இழுத்துப் பாறைமேல் ஏற்றினேன். நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் கூடாரம், ஸ்டவ், முதுகுப்பை, துப்பாக்கி எல்லாம் மடிந்து சுருண்டு கீழே போய்விட்டன.

கொஞ்சநேரம் இருமினான். நடுங்கினான். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளைபோல அழுதான். பிறகு, ரத்தம் வழிகிற தோளோடு, "அத்தான், ரப்பர் விரிப்பு வழியா ஒரு சொட்டு உள்ள வரல, கவனிச்சீயளா? ஜிப்புதான் சரியில்ல. ஜிப்ப எடுத்திரணும்" என்றான். அப்படிப்பட்டவன் அவன்.

அவன் ஜிப்பை எடுத்தான். உள்ளிருந்தே ஒரு இழுப்பில் அவிழ்கிற மாதிரி கயிறும் மரக்கட்டைப் பொத்தானும் வைத்துத் தைத்தான். அதைப் பார்த்துத்தான் அந்த ஆர்டர் அவனுக்குக் கிடைத்தது. பட்டறை மூன்று மடங்கானது அதற்கப்புறம்தான். நீ இன்று மேற்பார்வை பார்க்கிற வெட்டுமேசையில் தினமும் அந்தப் படுக்கைப் பைதான் வருகிறது. ஆர்டர் கிடைத்த செய்தி வந்த அன்று உன் அம்மா பாயசம் வைத்தாள். எனக்கு இறங்கவில்லை. நான் செய்த கெடுதலைக்கூட அவன் நல்லதாக்கிக்கொண்டுவிட்டானே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன். இந்த நோய் எவ்வளவு ஆழம் போகும் பார்.

அவன் ஊரெல்லாம் சொன்னான், அத்தான் வெள்ளத்தில் குதித்து என் உயிரைக் காப்பாற்றினார் என்று. நான் தலையைக் குனிந்துகொள்வேன். எல்லாரும் அதை அடக்கம் என்று நினைத்தார்கள். மாடசாமி அண்ணாச்சி மட்டும் அந்தப் பேச்சு வந்தால் எழுந்துபோவார். அவர் இறக்கும்வரை அதைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நீ படிப்பை முடித்துவிட்டு மாமாவோடு மெட்ராஸுக்குப் போகிறேன் என்றபோது நான் மூன்று நாள் உன்னோடு பேசாமல் இருந்தேனே, வயலைப் பார்க்க ஆள் இல்லையே என்ற கவலை என்று நீ நினைத்தாய். வயலுக்கு ஆள் கிடைப்பான். என் மகன் என்னைத் தாண்டி அவனிடம் போகிறானே என்ற எரிச்சல்தான் அது.

உன் நிச்சயதாம்பூலத்தன்று என்ன நடந்தது என்று நீயே பார்த்தாய். தட்டு மாற்றுவதற்கு முன்னால் சங்கரன் எழுந்து நின்று, கண்ணில் நீரோடு, அந்தக் கதையைச் சபையில் சொன்னான். "எனக்கு உசிரு குடுத்தவர் வீட்டுக்கு எம் பொண்ணு போறா" என்றான். கோமதி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெண்ணின் பார்வையில் இருந்த மரியாதையை என்னால் தாங்கமுடியவில்லை. நாளைக்கு அவள் இந்த வீட்டில் எனக்குச் சோறு போடுவாள், ஒவ்வொரு நாளும் அந்த மரியாதையோடு போடுவாள் என்று நினைத்தேன். அன்று நான் சாப்பிடாமல் எழுந்ததற்கு வயிற்றுவலி காரணம் இல்லை.

மறுநாள் காலையில் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றுவிட்டது. "அவன் எங்கூடப் பொறந்தவன்னு ஒங்களுக்கு அப்ப நெனப்பு வரலியா?" என்று கேட்டாள்.

"அந்த நெனப்புதான் வந்துது" என்றேன்.

ஐந்தாம் நாள், "தாலி ஏறதுக்கு முன்ன அவன்கிட்ட போய்ச் சொல்லிட்டு வந்துருங்க. நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்" என்றாள். அவளே ரயிலுக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். நீ கான்வாஸ் எடுக்கக் கோயம்புத்தூர் போயிருந்த வாரம் அது. நான் வந்துபோனதை யாரும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் பட்டறைக்குப் போனபோது மத்தியானச் சாப்பாட்டுக்கு மெஷின்களை நிறுத்தியிருந்தார்கள். சங்கரன் என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்து, வேலைக்காரர்களிடம், "இவுகதான் எங்க அத்தான்" என்று கூட்டிக்கொண்டுபோய்க் காட்டத் தொடங்கினான். நான் அவனைத் தனியே கூப்பிட்டு, கிளையில் சிக்கியிருந்த சருகிலிருந்து பீடிவரை, ஒன்று விடாமல் சொன்னேன். அவன் ஒரு கான்வாஸ் சுருளின்மேல் உட்கார்ந்து கேட்டான். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டான்.

"எம்புட்டு நேரம் இருந்தீய அத்தான்?"

"ஒரு பீடி குடிக்க நேரம்."

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அந்த நேரம் பூரா நான் உள்ள கெடந்து ஒங்களத்தான் கூப்ட்டுட்டு இருந்தேன். சாமிய கூப்பிடல, அக்காவ கூப்பிடல. அத்தான் அத்தான்னு கத்துனேன். தண்ணிச் சத்தத்துல ஒங்களுக்குக் கேக்கலன்னு இத்தன வருசம் நெனச்சிருந்தேன்."

"கேக்கல மாப்ள. அது நெசம்" என்றேன்.

"கேட்டிருந்தா?" என்றான்.

ஓடியிருப்பேன் என்று சொன்னேன். உடனே சொன்னேனா, ஒரு நொடி தாமதித்துச் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கும். எழுந்து நின்றான். "கல்யாணம் நடக்கும். கோமதிக்கு ஒங்க மகன்மேல விருப்பம். அவன் நல்ல பையன். அதுல நான் கைவைக்க மாட்டேன். ஆனா எங்கிட்ட அந்தக் கதை ஒண்ணு இருந்துச்சு அத்தான். மனசு சரியில்லாதப்பல்லாம் அதை எடுத்து யார்கிட்டயாவது சொல்லுவேன். எனக்குன்னு ஒருத்தர் வெள்ளத்துல குதிச்சாருன்னு. அதை வாங்கிட்டீயளே" என்றான். என்னை ஸ்டேஷன்வரை கூட்டிவரவில்லை. ஆனால் ஒரு ஆளை அனுப்பி எனக்கு டிக்கெட்டும் சாப்பாடும் வாங்கிக் கொடுக்கச் சொல்லியிருந்தான்.

இதுதான் நடந்தது. அவன் உன்மேல் கோபமாக இல்லை. உன் முகத்தில் என் சாடை இருக்கிறது. அதைப் பார்க்க அவனுக்குக் கொஞ்ச காலம் கஷ்டமாக இருக்கும். நீ அதைப் பொறுத்துக்கொள். அவனைச் சமாதானப்படுத்த எனக்காகப் பேசாதே. எனக்கு வக்கீல் வேண்டாம். கோமதிக்கு இதைச் சொல்வதா வேண்டாமா என்பதை அவள் அப்பா முடிவு செய்யட்டும். அவன் சொன்னால் நான் அவள் முன்னால் தலைகுனிந்து நிற்கத் தயார்.

உன் கடிதத்தில், புதிதாக வந்த தையல்காரனைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கிறாய். அவன் ஒரு வளைவு வெட்டு கண்டுபிடித்தானாம், மாமா எல்லார் முன்னாலும் அவன் முதுகில் தட்டினாராம், அவன் அளவு எடுப்பது சரியில்லை என்று உனக்குத் தோன்றுகிறதாம், ஆனால் நீ ஒன்றும் சொல்லவில்லையாம். மகனே, அந்த நாலு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அளவு தப்பு என்று தெரிந்தால் இன்றைக்கே போய் அவனிடம் சொல். பொறாமைக்காரன் பெரிதாக எதுவும் செய்யவேண்டியதில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லாமல் இருந்தால் போதும். மீதியை வேறு யாராவது, மழையோ வெள்ளமோ, செய்து முடித்துவிடும். கையில் அழுக்கு ஒட்டாது. அதனால்தான் அது அத்தனை சுகமாக இருக்கிறது. பொறாமையே படாதே என்று உனக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, அது என் சொல்லைக் கேட்டு வருவதும் இல்லை போவதும் இல்லை. வந்தால் வரட்டும். அது வந்திருக்கும் நேரத்தில் உன் வாய் மூடியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்.

சங்கரனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் அவன்மேல் எனக்கிருந்தது தீர்ந்துவிடும் என்று நினைத்துத்தான் ரயில் ஏறினேன். தீரவில்லை. திரும்பி வரும்போது, என்னிடம் இத்தனை கேட்டபிறகும் டிக்கெட் எடுத்துக்கொடுக்க அவனுக்கு எப்படி மனசு வந்தது, அந்த இடத்தில் நான் இருந்தால் வந்திருக்குமா என்று நினைத்தேன். அந்த நினைப்பிலும் ஒரு எரிச்சல்தான் இருந்தது. ஐம்பது வயதுக்குமேல் இனி அது என்னைவிட்டுப் போகாது. அதோடுதான் இருக்கவேண்டும்.

ஆகவே ஒன்று கேட்கிறேன். தை மாதம் இலஞ்சி கோயிலில் தாலி கட்டி முடிந்ததும், பெரியவர்கள் காலில் விழச் சொல்லுவார்கள். முறைப்படி உன்னை முதலில் என்னிடம்தான் இழுத்துக்கொண்டு வருவார்கள். நீ வராதே. யார் என்ன சொன்னாலும் காதில் வாங்காதே. கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே உன் மாமாவிடம் போ. இரண்டுபேரும் முதலில் அவன் காலில் விழுங்கள். சபை என்னைத் திரும்பிப் பார்க்கும். எனக்கு வயிறு எரியும், அது எனக்கு இப்போதே தெரிகிறது. எரியட்டும். நான் உன் அம்மா பக்கத்தில் நின்று, கண்ணை எடுக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் அப்பா